ஆற்றங்கரையில் குடியிருப்புத் திட்டம் வருகிறதா? கோப்பைப் படிப்பதிலிருந்து கூட்டத்தில் பேசுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆற்றை ஒட்டிய காலி நிலத்தில் நூறோ இருநூறோ வீடு கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பம் போட்டிருக்கிறது, உள்ளூர் திட்டக் குழு அதைப் பரிசீலிக்கப் போகிறது, கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் இன்ன தேதிக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு அறிவிப்பைப் பார்க்கிறீர்கள். சரி என்று கோப்பைத் திறந்தால் நானூறு பக்கம். பாதிப் பக்கங்களில் வரைபடம், மீதியில் அட்டவணை. பெரும்பாலானவர்கள் இந்த இடத்திலேயே மூடிவைத்துவிட்டு, கூட்டத்தன்று போய்க் கோபமாக நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறார்கள். அதனால் எதுவும் மாறுவதில்லை.

நானூறு பக்கத்தையும் வரி விடாமல் படிக்கத் தேவையில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள்: வெள்ளம் வரும்போது இன்றைக்கு இந்த நிலத்தில் வந்து நிற்கிற தண்ணீர், வீடுகள் வந்த பிறகு எங்கே போய் நிற்கும்? மண் நிரப்புவது, வடிகால், கரைச்சுவர், பேஸ்மென்ட் பார்க்கிங், அணுகுசாலை எல்லாம் இந்த ஒரு கேள்வியின் கிளைகள்தான். சட்டங்களும் படிவங்களும் நாட்டுக்கு நாடு வேறு. தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் போவது எல்லா நாட்டிலும் ஒன்று.

படி 1: முதலில் எந்தக் கட்டம் என்று பாருங்கள்

பெரிய திட்டங்களுக்கு ஒப்புதல் பெரும்பாலும் ஒரே தடவையில் முடிவதில்லை. இந்த நிலத்தில் வீடு கட்டலாமா, தோராயமாக எத்தனை கட்டலாம் என்று கொள்கை அளவில் ஒரு முடிவு. அப்புறம் எந்த வீடு எங்கே, எவ்வளவு உயரம், வடிகால் எப்படி என்று விவர அளவில் இன்னொரு முடிவு. முதல் கட்டம் முடிந்த பிறகு வந்து "இங்கே வீடே கூடாது" என்றால் அந்தக் கதவு ஏற்கனவே மூடியிருக்கும். ஆனால் தரைமட்டம், தண்ணீரைத் தேக்க வெட்டும் குளத்தின் அளவு, கரையிலிருந்து விலகும் தூரம் போன்றவை இரண்டாம் கட்டத்தில்தான் முடிவாகின்றன என்றால், அங்கே நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே எந்த வகை விண்ணப்பம் என்று இருக்கும். கடைசித் தேதியையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு இரண்டு நாள் முன்னால் உங்கள் சொந்தக் கெடுவை வையுங்கள், ஏனென்றால் கடைசி நாளன்று இணையதளம் திணறுவது வழக்கம்.

எந்தக் காரணங்களைக் குழு கணக்கில் எடுக்கும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். என் ஜன்னலிலிருந்து ஆறு தெரியாது, என் வீட்டின் விலை குறையும், அந்த பில்டரை எனக்குப் பிடிக்காது என்பவற்றைப் பெரும்பாலான முறைகளில் ஏற்க மாட்டார்கள். வெள்ள ஆபத்து, உயிர்ப் பாதுகாப்பு, சாலை, கழிவுநீர்க் கொள்ளளவு, நீர்வாழ் உயிரினங்கள், பழைமையான கட்டடங்கள் ஆகியவற்றை ஏற்பார்கள். பத்துப் பக்கம் எழுதி அதில் ஒன்பது பக்கம் காட்சி மறைவதைப் பற்றி என்றால், அந்தப் பத்தாவது பக்கத்தில் இருக்கிற நல்ல கேள்வியும் சேர்ந்து காணாமல் போகும்.

படி 2: கோப்பை முழுதாக வாங்குங்கள்

தேவையானவை இவை: தள வரைபடம், நிலமட்ட அளவீடு, வெள்ள ஆபத்து மதிப்பீடு, அதன் பின்னிணைப்பாக வரும் நீரியல் மாடல் அறிக்கை (வெள்ளம் எப்படிப் பரவும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்த கணக்கு), மழைநீர் வடிகால் திட்டம், மண் பரிசோதனை, சூழல் ஆய்வு, போக்குவரத்து ஆய்வு, மற்ற துறைகள் அனுப்பிய பதில்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் திறந்து பார்ப்பதில்லை. நீர்வளத்தைப் பார்க்கிற துறை "இன்ன தகவல் வரும்வரை எங்களால் ஒப்புதல் தர இயலாது" என்று எழுதியிருக்கலாம், அதற்கு விண்ணப்பதாரர் பதிலே கொடுக்காமல் இருக்கலாம். உங்கள் வேலை பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு வரைபடத்தின் வலது கீழ் மூலையில் இருக்கிற திருத்த எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் நான் பார்த்த கோப்புகளில் அதிகம் மாட்டிய இடம் இதுதான். ஒரு திட்டத்தில் வெள்ள ஆய்வு பழைய மனை அமைப்பை வைத்துச் செய்யப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு முழு வரிசை வீடுகள் ஆற்றுப் பக்கமாகச் சேர்ந்திருந்தன, ஆய்வை யாரும் மறுபடி ஓட்டவில்லை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அது தானாகத் தெரிந்துவிட்டது, பொறியியல் எதுவும் தெரிந்திருக்கத் தேவைப்படவில்லை.

பொடி எழுத்தையும் படியுங்கள். 2017-ல் ஹார்வி புயலின்போது அமெரிக்காவின் ஹியூஸ்டன் பகுதியில், பார்க்கர் என்ற வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கத்துக்கு மேல்பக்கம் இருந்த குடியிருப்புகளுக்குள் தண்ணீர் ஏறியது. நீர்த்தேக்கம் நிரம்பினால் தண்ணீர் பரவக்கூடிய எல்லைக்குள்தான் அந்த வீடுகள் கட்டப்பட்டிருந்தன. சில மனைப்பிரிவு வரைபடங்களில் இந்த இடம் நீரில் மூழ்கக்கூடும் என்று ஒரு குறிப்பு அச்சடிக்கப்பட்டே இருந்தது. வீடு வாங்கிய பலர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

படி 3: நிலத்தைப் போய்ப் பாருங்கள், ஒரு தடவை போதாது

ஒரு தடவை வெயிலில், ஒரு தடவை நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள். பொதுவழியிலிருந்தே பார்க்கலாம், வேலி தாண்ட வேண்டாம். மரத்தண்டில் சேறு படிந்த கோடு இருக்கிறதா, வேலிக் கம்பியில் காய்ந்த புல்லும் பிளாஸ்டிக்கும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன, எந்த இடத்தில் கோரையும் நாணலும் முளைத்திருக்கின்றன என்று பாருங்கள். தண்ணீர் அடிக்கடி நிற்கிற இடத்தைச் செடி காட்டிக்கொடுத்துவிடும். சமதளமாகத் தெரிகிற நிலத்தில் வளைந்து ஓடுகிற ஒரு மெல்லிய பள்ளம் தெரிந்தால், அது ஆறு முன்பு ஓடிய தடமாக இருக்கலாம். பெரிய வெள்ளத்தில் ஆறு தன் பழைய வழியைத் தேடி வருவது புதிதல்ல.

செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, சென்டினல்-2 படங்கள் 2015 முதல், அதில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டர். ஏதாவது ஒரு பெரிய வெள்ளம் வந்த வாரத்துப் படம் மேகமில்லாமல் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம், ஏனென்றால் வெள்ள நாளில்தான் மேகமும் இருக்கும். பழைய நில வரைபடங்களையும் தேடுங்கள். அக்கம்பக்கத்தில் இருக்கிற வயதானவர்களிடம் கேட்கும்போது "தண்ணி வந்துச்சா" என்று கேட்காமல், எந்த வருடம், எந்தச் சுவரில் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அவர் கையை வைத்துக் காட்டுகிற இடத்தை டேப் வைத்து அளந்து, படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். மாடல் சொல்லும் வெள்ளமட்டத்தைச் சரிபார்க்க இதைவிட நல்ல சான்று பல கோப்புகளில் இருக்காது.

படி 4: மட்டங்கள்

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். வழிகாட்டியில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

நான்கு எண்களைத் தேடி எடுங்கள். ஒன்று, இப்போதைய தரைமட்டம். இரண்டு, கட்டிய பிறகு தரைமட்டம். மூன்று, வெள்ளமட்டம், அதாவது வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட வெள்ளத்தில் தண்ணீர் ஏறும் உயரம். நான்கு, வீட்டின் கீழ்த்தள உள்தரை மட்டம். எல்லாமே கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று இருக்கும். நான்காவது எண் மூன்றாவதைவிட எவ்வளவு அதிகம் என்று கழித்துப் பாருங்கள். கணிப்பில் பிழை வரும், அலை வரும், பாலத்தில் குப்பை அடைக்கும் என்பதற்காக விடுகிற இந்த இடைவெளி பல இடங்களில் 30 முதல் 60 சென்டிமீட்டர் வரை கேட்கப்படுகிறது. உங்கள் ஊர் விதி என்ன என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

எல்லா எண்களும் ஒரே அடிப்படை மட்டத்திலிருந்து அளக்கப்பட்டவையா என்பதையும் பாருங்கள். நில அளவீடு ஒரு அடிப்படையில், வெள்ள ஆய்வு இன்னொரு அடிப்படையில் இருந்தால் எல்லாமே வீண். இது கற்பனைப் பயம் இல்லை. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ரைன் ஆற்றின்மேல் லாஃபன்பர்க்கில் பாலம் கட்டியபோது, ஒரு நாடு ஆம்ஸ்டர்டாம் கடல்மட்டத்தையும் மற்றது மார்சேய் கடல்மட்டத்தையும் அடிப்படையாக வைத்திருந்தது. வித்தியாசம் 27 சென்டிமீட்டர் என்று இரு தரப்புக்கும் தெரியும். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள், 2003-ல் இரு பக்கமும் 54 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தில் நின்றன. பாலம் என்பதால் கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டுத் தரை என்றால் வெள்ளம் வரும்வரை தெரியாது.

அடுத்தது மண் நிரப்புவது. "வெள்ளமட்டத்துக்கு மேல் நிலத்தை உயர்த்துகிறோம், ஆகவே ஆபத்து இல்லை" என்று அறிக்கை சொல்லும். வாங்குகிறவர்களுக்கு ஆபத்து குறைகிறது, உண்மைதான். ஆனால் 200 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள நிலத்தை ஒன்றரை மீட்டர் மண் போட்டு உயர்த்தினால், வெள்ளத்தில் 30,000 கன மீட்டர் தண்ணீர் நின்ற இடம் போய்விடுகிறது. ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 2,500 கன மீட்டர் பிடிக்கும் என்று வைத்தால், பன்னிரண்டு குளத் தண்ணீர். அது ஆவியாகப் போவதில்லை, அக்கம்பக்கத்துக்கோ எதிர்க்கரைக்கோ போகும்.

ஆகவே ஈடாக வேறு எங்கே தோண்டப் போகிறார்கள் என்று கேளுங்கள். அளவு மட்டும் சமமாக இருந்தால் போதாது, அதே மட்டத்திலும் இருக்க வேண்டும். தரைக்கு இரண்டு மீட்டர் கீழே ஒரு குளம் வெட்டிவிட்டு "30,000 கன மீட்டர் ஈடு கொடுத்துவிட்டோம்" என்று காட்டுவார்கள். அந்த ஆழத்தில் நிலத்தடி நீர் இருந்தால் குளம் வெள்ளத்துக்கு முன்பே நிரம்பியிருக்கும், நிரம்பிய பாத்திரத்தில் என்ன ஊற்ற முடியும்? மண் பரிசோதனை அறிக்கையில் நிலத்தடி நீர்மட்டம் இருக்கும். அது எந்த மாதத்தில் அளந்தது என்றும் பாருங்கள். கோடையில் அளந்த எண்ணை வைத்து மழைக்காலக் குளத்தை வடிவமைத்திருந்தால் கேள்வி உங்கள் கையில்.

தண்ணீருக்கு இடத்தைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தால்தான் இடத்தை எடுப்பதன் கனம் புரியும். நெதர்லாந்தில் நெய்மேகன் நகரத்தில் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிவைத்து, புதிதாக ஒரு கிளைக் கால்வாயும் வெட்டினார்கள். அதற்காகச் சுமார் 50 வீடுகளை அகற்ற வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் கிடைத்தது, வெள்ளத்தில் நீர்மட்டம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் குறைவது.

மாடல் அறிக்கையில் "திட்டத்தால் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை" என்று ஒரு வரி வரும். குறிப்பிடத்தக்க என்றால் எத்தனை சென்டிமீட்டர்? அமெரிக்கக் கூட்டாட்சி விதியில் வெள்ளப் பாதையை, அதாவது வெள்ளம் ஓடுவதற்காக விட்டுவைக்க வேண்டிய பகுதியை வரையறுக்கும்போது, அதற்கு வெளியே மண் நிரப்புவது, கட்டுவது எல்லாம் சேர்ந்து ஒரு அடிவரை நீர்மட்டம் உயரலாம் என்று ஏற்றுக்கொள்கிறார்கள், சில மாநிலங்கள் இதைவிடக் கடுமையாக வைத்திருக்கின்றன. ஒரு அடி என்பது சமதளத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வாசற்படிக்கும் படுக்கையறைக்கும் உள்ள வித்தியாசம். எனவே உயர்வு காட்டும் வண்ண வரைபடத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், அதில் தளத்துக்கு வெளியே நிறம் மாறுகிற இடங்களைப் பாருங்கள். கூடவே மூன்று கேள்வி: மாடல் எந்த நிஜ வெள்ளத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது? கீழே இருக்கிற பாலமோ கல்வெர்ட்டோ (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு வழி) பாதி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தார்களா? ஆற்றின் இரு பக்கமும் ஏற்கனவே ஒப்புதல் வாங்கிய மற்ற திட்டங்களை உள்ளே சேர்த்தார்களா? தனித்தனியாக எல்லாத் திட்டமும் ஒரு சென்டிமீட்டர்தான் உயர்த்தும். பத்துத் திட்டம் வந்த பிறகு யாரையும் கேட்க முடியாது.

படி 5: "நூறாண்டு வெள்ளம்" என்ற சொல்லில் ஏமாறாதீர்கள்

நூறு வருடத்துக்கு ஒரு தடவை வரும், போன முறை வந்துவிட்டது, இனி நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பொருள் எந்த ஒரு வருடத்திலும் வர 1 சதவீத வாய்ப்பு என்பதுதான். அடுத்தடுத்த இரண்டு வருடத்திலும் வரலாம். முப்பது வருடக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது வர வாய்ப்பு 26 சதவீதம், எழுபது வருடத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கால்குலேட்டரில் 0.99-ஐ முப்பது தடவை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் குடியிருப்புத் திட்டத்தின் ஆயுளைக் குறைந்தது நூறு வருடம் என்று வைத்துத்தான் வெள்ள ஆபத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள், காலநிலை மாற்றத்துக்கான கூடுதலையும் சேர்த்து. உங்கள் கோப்பில் எத்தனை வருட ஆயுள், காலநிலைக்காக எத்தனை சதவீதம் கூட்டப்பட்டது என்று தேடுங்கள்.

அந்த 1 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். 2021 ஜூலையில் ஜெர்மனியில் ஆர் (Ahr) என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே 1804-லும் 1910-லும் பயங்கர வெள்ளங்கள் வந்ததற்குப் பதிவு இருந்தது. ஆனால் ஆபத்து வரைபடத்துக்கான கணக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய ஆற்று நீர்மட்ட அளவுமானிப் பதிவுகளை வைத்துப் போடப்பட்டிருந்தது, பழைய இரண்டும் அதற்குள் வரவில்லை. எத்தனை வருடத் தரவு, எந்த வருடத்திலிருந்து, அதற்கு முந்தைய வெள்ளங்கள் சேர்க்கப்பட்டனவா என்று ஒரே வரியில் கேட்கலாம்.

படி 6: நிலத்தின்மேல் விழும் மழை

ஆற்று வெள்ளம் வேறு, தளத்திலேயே பெய்கிற மழை வேறு. இரண்டு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 கன மீட்டர் தண்ணீர். புல்வெளியாக இருக்கும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவருகிறது என்று வைத்தால் 200. எழுபது சதவீதம் கூரையும் சாலையுமாக மாறினால், ஏறக்குறைய 700. வித்தியாசத்தைத் தேக்கி மெதுவாக விட ஒரு குளமோ தொட்டியோ காட்டியிருப்பார்கள். கொள்ளளவு சரியா என்று பார்த்துவிட்டு, அதன் வெளியேற்றுக் குழாய் எந்த மட்டத்தில் ஆற்றில் சேர்கிறது என்று பாருங்கள். ஆறு நிரம்பி ஓடும்போது அந்தக் குழாய்வாய் தண்ணீருக்கு அடியில் இருக்கும், ஒருவழி வால்வு மூடிக்கொள்ளும், குளம் வடியாது, மழையோ நிற்காது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்களா?

மழை இங்கேதான் பெய்ய வேண்டும் என்றும் இல்லை. 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வாலென்சியா அருகே பைபோர்த்தா ஊரில் மழை பெய்ததே சொற்பம். மேலே மலைப்பகுதியில் கொட்டியது ஓடை வழியாக இறங்கி ஊரை மூழ்கடித்தது.

அப்புறம் பராமரிப்பு. குளத்தையும் பம்பையும் இருபது வருடம் கழித்து யார் தூர்வாருவார்கள்? "குடியிருப்போர் சங்கம்" என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால், பணம் எங்கிருந்து என்று கேளுங்கள்.

படி 7: கரை நகரும்

வளைவின் வெளிப்பக்கக் கரையை ஆறு அரிக்கும், உட்பக்கத்தில் மணலைப் போடும். முப்பது வருடப் படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கரைக்கோட்டை வரைந்தால் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கரையிலிருந்து வீடுகள் விலகும் தூரம் இன்றைய கரையிலிருந்து அளக்கப்பட்டதா, அரிப்புக்கு இடம் விட்டு அளக்கப்பட்டதா? அரிப்பைத் தடுக்கச் சுவர் எழுப்பினால் அதன் முடிவுப் புள்ளிகளிலும் எதிர்ப்பக்கத்திலும் அரிப்பு கூடக்கூடும், அந்த நிலத்துக்காரர்களுக்கு யாராவது சொன்னார்களா? தூர்வாரவும் கரையைச் சரிபார்க்கவும் வண்டி போக வழி விட்டிருக்கிறார்களா? கரையோர மரங்கள், மீன் முட்டையிடும் இடங்கள், இரவு வெளிச்சத்தால் வௌவால்களுக்கு வரும் தொந்தரவு எல்லாம் சூழல் ஆய்வில் இருக்க வேண்டும். ஆய்வு எந்தப் பருவத்தில் நடந்தது என்று பார்த்தால் அதன் தரம் ஓரளவு தெரிந்துவிடும்.

படி 8: வெளியே போக வழி இருக்கிறதா

வீடு மேட்டில், சாலை பள்ளத்தில். ஆற்றங்கரைத் திட்டங்களில் அடிக்கடி காண்கிற ஓட்டை இது. வீட்டுக்குள் தண்ணீர் வராது, ஆனால் பிரசவ வலி வந்தவரை வெளியே கொண்டுபோக முடியாது. 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் பெரியவரையே தள்ளிவிடும், 30 சென்டிமீட்டர் இருந்தால் சிறிய கார் மிதந்து போய்விடும். வீட்டு வாசலிலிருந்து வெள்ளம் எட்டாத சாலை வரைக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஆழமும் வேகமும் என்ன என்று கேளுங்கள். பாலம் ஒன்றுதான் வழி என்றால் அந்தப் பாலத்தின் மட்டத்தையும் கேளுங்கள்.

பேஸ்மென்ட் பார்க்கிங் இருந்தால் தனிக் கடிதமே எழுதலாம். 2022 செப்டம்பரில் ஹின்னம்னோர் புயலின்போது தென்கொரியாவின் போஹாங்கில் பக்கத்து ஓடை பொங்கி ஒரு அடுக்குமாடியின் நிலத்தடி பார்க்கிங்கில் புகுந்தது. காரை எடுக்கப் போனவர்களில் ஏழு பேர் இறந்தார்கள். சரிவுப்பாதையின் மேல்முனை வெள்ளமட்டத்துக்கு எவ்வளவு மேலே, தண்ணீர் புகுந்தால் ஏறி வரத் தனிப் படிக்கட்டு உண்டா, மின்மாற்றியும் ஜெனரேட்டரும் லிஃப்ட் மோட்டாரும் கீழேயா மேலேயா என்று பாருங்கள்.

கழிவுநீரும் இதே ரகம்தான். ஆறு ஏறும்போது மேன்ஹோல் வழியாக உள்ளே புகும், குழாய் நிரம்பித் தாழ்வான பழைய வீடுகளின் கழிப்பறை வழியாகத் திரும்பி வரும். புதிய இருநூறு வீடுகளின் கழிவைத் தாங்க இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்தில் இடம் உண்டு என்று எழுத்தில் யார் உறுதி கொடுத்தார்கள்?

படி 9: மீதி விஷயங்கள்

போக்குவரத்து, பள்ளி இடங்கள், நிழல், சத்தம், ஆற்றங்கரையில் மக்கள் நடக்கும் பாதை எல்லாம் முக்கியம்தான், ஆனால் இவற்றைப் பற்றி எழுத வேறு பலர் இருப்பார்கள். ஒரு கேள்வியை மட்டும் விடாதீர்கள்: இந்த வீடுகளுக்கு ஆபத்துக் குறைந்த வேறு இடம் இல்லையா? இங்கிலாந்தில் இதை விண்ணப்பதாரரே நிரூபிக்க வேண்டும், வெள்ள ஆபத்து குறைந்த இடங்களை முதலில் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு வர முடியும். உங்கள் ஊர் விதியில் அப்படி இல்லாவிட்டாலும் கேட்பதைத் தடுக்க யாரும் இல்லை.

படி 10: கடிதம்

இரண்டு பக்கம், அதிகபட்சம் மூன்று. முதல் பத்தியில் விண்ணப்ப எண், நீங்கள் யார், என்ன கேட்கிறீர்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்: நிராகரிக்கவா, திருத்தவா, நிபந்தனை போடவா? பிறகு உங்கள் வலுவான மூன்று அல்லது நான்கு புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணோடு.

"இந்தத் திட்டம் வந்தால் ஊரே மூழ்கும்" என்று எழுதினால் அதிகாரி படித்துவிட்டுப் புரட்டிவிடுவார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "வெள்ள ஆபத்து மதிப்பீட்டின் 34-ஆம் பக்கத்தில் வெள்ளமட்டம் 12.40 மீட்டர் என்று உள்ளது. அணுகுசாலையின் தாழ்ந்த புள்ளி 11.85 மீட்டர் என்று தள வரைபடம் காட்டுகிறது. அதாவது சாலையில் 55 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும். இந்த நிலையில் குடியிருப்போர் எப்படி வெளியேறுவார்கள் என்பது கோப்பில் எங்கும் விளக்கப்படவில்லை. விளக்கம் வரும்வரை முடிவெடுப்பதைத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்." எண்கள் உதாரணத்துக்கு. இப்படி எழுதினால் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும், அவர் பதில் சொல்லாவிட்டால் பின்னால் மேல்முறையீட்டில் அது நிற்கும்.

முழு நிராகரிப்பைக் கேட்டாலும், "ஒருவேளை ஒப்புதல் கொடுப்பதாக இருந்தால் இந்த நிபந்தனைகளாவது தேவை" என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். இதைச் சிலர் சரணடைவதாக நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் பெரும்பாலான திட்டங்கள் நிபந்தனைகளோடு ஒப்புதல் வாங்கித்தான் வெளியே வருகின்றன, அந்த நிபந்தனைகளை யார் எழுதுகிறார்கள் என்பதுதான் விஷயம். நிபந்தனையில் "எப்போதுக்குள்" என்பது கட்டாயம் இருக்க வேண்டும். "ஈட்டுக் குளம் அமைக்கப்பட வேண்டும்" என்பது ஓட்டை. "முதல் லாரி நிரப்பு மண் இறங்கும் முன் ஈட்டுக் குளம் முழுமையாக வெட்டப்பட்டு, அதன் மட்டங்கள் அளந்து சமர்ப்பிக்கப்பட வேண்டும்" என்பது நிபந்தனை.

ஒரே கடிதத்தை நகலெடுத்து ஐநூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவதில் பெரிய பலன் இல்லை. ஆளுக்கு ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொண்டு ஐந்து பேர் எழுதினால் குழு ஐந்து விஷயத்துக்கும் பதில் தேட வேண்டியிருக்கும்.

படி 11: கூட்டம்

பேச மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. ஒரே ஒரு புள்ளியை எடுங்கள், கடிதத்தில் இருப்பதில் கண்ணால் காட்டக்கூடியதை. சுவரில் வெள்ளக் கோடு இருக்கிற படத்தைப் பெரிதாக அச்சிட்டு, அதில் புதிய தரைமட்டத்தைச் சிவப்புக் கோடாக வரைந்து நீட்டினால், அறிக்கையைப் படிக்காத உறுப்பினரும் நிமிர்ந்து உட்காருவார். பில்டரைத் திட்டாதீர்கள், வாங்க வருகிறவர்களையும் திட்டாதீர்கள், வீடு தேவைப்படுகிறவர்கள் எதிரிகள் இல்லை. அவர்கள் மூழ்காமல் இருக்கத்தான் நீங்களும் பேசுகிறீர்கள். முன்கூட்டியே உறுப்பினர்களைத் தளத்துக்கு வந்து பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பதாரரின் ஆலோசகர் உங்கள் கேள்விக்கு வாய்மொழியாக "அதைக் கவனித்துக்கொள்வோம்" என்றால், அந்த வார்த்தையைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

படி 12: முடிவு வந்த பிறகு

பலர் இங்கே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒப்புதல் உத்தரவை வாங்கி, நிபந்தனைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் எப்போதுக்குள் என்று போடுங்கள். நிபந்தனைகளை நிறைவேற்றியதாகத் தனித்தனி விண்ணப்பங்கள் பின்னால் வரும், அவற்றுக்குப் பெரிய விளம்பரம் இருக்காது. "சிறு திருத்தம்" என்ற பெயரில் வருவதையும் கவனியுங்கள், தரைமட்டத்தில் இருபது சென்டிமீட்டர் மாறுவது சிறு திருத்தம் இல்லை.

வேலை தொடங்கியதும் மாதம் ஒரு தடவை, பொதுவழியில் ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் படம் எடுங்கள். குளம் வெட்டும் முன்பே மண் லாரி வரிசையாக வந்து நின்றால், அன்றைக்கே தேதியுள்ள படத்தோடு, நிபந்தனை எண்ணைக் குறிப்பிட்டு அமலாக்கப் பிரிவுக்கு எழுதுங்கள். மண் கொட்டி முடிந்து வீடு எழும்பிய பிறகு எழுதினால், அந்த மண்ணை யாரும் திருப்பி அள்ளப் போவதில்லை.